சத்தியராஜுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

தன் பெயர் ஜெபக்குழுவில் வந்தபோது சத்தியராஜ் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். குன்னத்துகால் சந்திப்பில் அவனுக்கு ஒரு வர்க்‌ஷாப் உண்டு. இரண்டு கார் நிறுத்தலாம், மூன்றாவது வந்தால் ரோட்டில்தான் நிற்க வேண்டும். சட்டைப்பையில் போன் கிணுங்கியது. கை முழுக்க ஆயில். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருந்ததால் அதால் தொட்டுத் திறந்தான். வாட்ஸ்அப் குழுவில் அக்கா விமலகுமாரியின் குரல்.

"கர்த்தருக்குள் பிரியமானவங்களே, எனக்க தம்பி சத்தியராஜுக்கு வேண்டி எல்லாரும் பாரமா ஜெபிக்கணும். அவனுக்கு மனசு சரியில்ல. பெண்டாட்டி அயர்லாந்து போனபிறவு ஆளு ஆளாயிட்டு இல்ல. பிள்ளைய விட்டுட்டுப் போயிரணும்னு ஒரு சிந்தனை அவனுக்க உள்ள கேறியிருக்கு. போன்ல ஏதோ ஒரு பெண்ணுகிட்ட அதைச் சொல்லி அழுதிருக்கான். அந்தக் கொச்சுப் பிள்ளைக்கு வேண்டி ஜெபிங்க. இது வெளியில போகண்டாம்."

வெளியில் போகவேண்டாத இந்தச் செய்தியை சபை வார்டு முழுக்கக் கேட்டது. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. யாரோ அழுகிற முகம் போட்டார்கள். ஒருவர் கை தவறிப் பிறந்தநாள் கேக் போட்டுவிட்டு அவசரமாக அழித்தார்.

அந்தப் பக்கத்துப் பழைய மிஷன் சபைக் குடும்பங்களில் இது ஒரு வழக்கம். ஒருவனைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் அவனிடமே போய்க் கேட்பது மரியாதை இல்லை. நாலு பேரிடம் சொன்னால் புறணி. ஜெபத்தில் வைத்துவிட்டாலோ அது அன்பு. சொல்வதும் அதேதான், கேட்பதும் அதே நாலு பேர்தான், முடிவில் ஒரு ஆமென் மட்டும் கூடுதல். சத்தியராஜும் அப்படி எத்தனையோ பேருக்கு ஆமென் போட்டவன்தான். தனக்கே மற்றவர்கள் போடும்போதுதான் அது எவ்வளவு எரிச்சலான சங்கதி என்று தெரிந்தது.

இது எப்படி அக்கா காதுக்குப் போனது என்று அவனுக்குத் தெரியும். சொல்லப்போனால் தப்பு அவனுடையதுதான்.

பெண்டாட்டி ரெஷ்மா நர்ஸ். ஓணத்துக்கு முன்னால் அயர்லாந்துக்கு விமானம் ஏறினாள். குடும்பத்துக்கு விசா வர நாளாகும் என்று தெரிந்தேதான் இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். அதுவரை ஆறு வயது ஷாலுவை அவன் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. பெரிய காரியமா என்று நினைத்தான். என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஒரு பிள்ளைக்குத் தலை பின்னத் தெரியாதா?

தெரியாது. பின்னல் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். டிபனில் வைத்தது அப்படியே திரும்பி வரும். பள்ளிக்கூட வேன் மாலையில் பிள்ளையை வர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டுப் போகும். அவள் பழைய டயர்மேல் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாள், நோட்டில் ஆயில் படும், மறுநாள் டீச்சரிடமிருந்து போன் வரும். இதையெல்லாம் சமாளித்திருப்பான். ஷாலு தன் அம்மாவோடு வீடியோவில் பேசமாட்டேன் என்று ஒரு நாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்குத்தான் அவன் நொடிந்தான். அந்தப் பக்கம் ரெஷ்மா அழுகிறாள், இந்தப் பக்கம் பிள்ளை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டாள், நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு இவன். தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. யார் என்ன சொன்னாலும் வள்ளென்று விழுந்தான். அவனுக்கே அவனைப் பிடிக்கவில்லை.

பெற்றோருக்கும், வாழ்க்கை திடீரென்று வேறு தினுசாகிப் போனவர்களுக்கும் போனிலேயே ஆலோசனை சொல்கிற இடம் ஒன்று உண்டு என்று ரெஷ்மாதான் கண்டுபிடித்தாள். அவளும் அங்கே ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன கிறுக்கா?" என்றான் சத்தியராஜ்.

"கிறுக்கு வராம இருக்கதுக்குத்தான் சொல்லுகேன்" என்றாள் ரெஷ்மா.

முதலில் கிடைத்தது சென்னைக்கார அம்மா. நல்ல மனுஷிதான். ஆனால் இவன் பேசுகிற ஒவ்வொன்றுக்கும் "அப்படின்னா?" என்றாள். தனக்கு ஒரே வெப்ராளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வெப்ராளம் என்றால் மனசு கிடந்து பதறுவது என்று விளக்கியே பாதி நேரம் போயிற்று. அடுத்தவள் ஆனந்தலட்சுமி. நெய்யாற்றின்கரையில் பிறந்து இப்போது பெங்களூரில் இருப்பவள். "வெப்ராளம்" என்று அவன் சொன்னதும் "ம், எப்பந்தொட்டு?" என்று கேட்டாள். அன்றைக்கே அவளிடம் பேச்சு நிலைத்துவிட்டது.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதுதான் பிரச்சினை. வீட்டில் பேசினால் ஷாலுவின் காது நீளும். வர்க்‌ஷாப்பில் பேசினால் சந்திப்பே கேட்கும். அதனால் வாரத்துக்கு ஒரு மதியம், ரிப்பேருக்கு வந்து நிற்கிற கார் எதுவோ அதில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு பேசினான். ஏசி உள்ள காராக அமைந்தால் அழுவதற்குக் கொஞ்சம் சௌகரியம்.

அப்படி ஒரு வாரம் சபையின் வண்டி வந்தது. கன்வென்ஷன் கூட்ட அறிவிப்புக்குப் பாஸ்டர் கொண்டுபோகிற பழைய வேன். மேலே புனல் மாதிரி கோளாம்பி ஸ்பீக்கர், உள்ளே டாஷ்போர்டு பக்கத்தில் ஒரு மைக். வண்டிக்கு கிளச் போயிருந்தது, ஸ்பீக்கருக்குக் குரல் போயிருந்தது. சத்தியராஜ் ஸ்பீக்கரைக் கழற்றி, நீள வயரோடு வர்க்‌ஷாப்பின் பின்புறம் ரப்பர் தோட்டத்தைப் பார்த்து வைத்துவிட்டு, "ஹலோ, ஹலோ" என்று சோதித்தான். சத்தம் வந்தது. ஊரைக் கூட்டவேண்டாமே என்று ஒலியைக் குறைத்தான். மைக்கை அணைக்க மறந்தான். மதியம் அதே வேனில் ஏறிக் கண்ணாடியை ஏற்றி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு ஆனந்தலட்சுமியோடு பேச ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் புருஷன் அஜேஷ் ரப்பர் தோட்டம் வழியாகக் குறுக்குப் பாதையில் வந்தார். இரவல் வாங்கிப் போன ஜாக்கியைத் திருப்பித் தருவதற்காக வந்தவர். தரையில் கிடந்த ஸ்பீக்கர் மெல்லப் பேசிக்கொண்டிருந்தது.

"பிள்ளைய விட்டுட்டு எங்கயாவது போயிரணும்னு தோணுமா, சத்தியராஜ்?"

"தோணும்."

"அப்பிடித் தோணுற நேரம் பிள்ளைய யாருகிட்ட நம்பி விடுவீங்க?"

"எனக்க அக்காகிட்ட."

அதற்குமேல் அஜேஷால் நிற்க முடியவில்லை. ஜாக்கியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார், நடை ஓட்டமாயிற்று. நல்ல மனிதர்தான். வருஷக்கணக்கில் துபாயில் கிடந்து சம்பாதித்துவிட்டு வந்து வெள்ளறடையில் ரப்பரும் வீடுமாக இருக்கிறவர். ஆனால் கேட்டதைப் பெண்டாட்டியிடம் சொல்லாமல் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட வைத்திருக்கத் தெரியாது. சத்தியராஜ் வேனிலிருந்து இறங்கியபோது மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் ஜாக்கி. அத்தானுக்கு இரவல் கொடுத்தது.

அடுத்த நாளே அந்தக் குரல்செய்தி வந்துவிட்டது. அவன் கையைத் துடைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டான்.

"என்னக்கா இது? எனக்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்படாதா?"

"கேட்டா நீ சொல்லுவியா? உனக்க வாயால சொன்னத அத்தான் காதால கேட்டாச்சு. வெள்ளிக்கிழம ஜெபம் உனக்க வீட்டுலயாக்கும். பாஸ்டரும் வாறாரு. ஜெபம் முடிஞ்சு பிள்ளை எனக்க கூட வரும். வெள்ளறடையில நல்ல ஸ்கூல் உண்டு. எல்லாம் பேசியாச்சு."

"யாரு முடிவு பண்ணினது?"

"கர்த்தரு."

"கர்த்தருகிட்ட எனக்க நம்பரும் உண்டுக்கா. எனக்கு ஒண்ணும் சொல்லல்லியே."

"தெறுதல பேசாதலே" என்று அவள் வைத்துவிட்டாள்.

சிரிப்புக்குச் சொல்லிவிட்டானே தவிர, அவனுக்குப் பயமாக இருந்தது. விமலகுமாரி ஒன்றை நினைத்தால் நடத்திவிடுவாள். அம்மா போனபிறகு அவனை வளர்த்துப் படிக்கவைத்துக் கல்யாணம் முடித்துவைத்தவள் அவள். அவள் பேச்சுக்கு இதுவரை அவன் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. சபையில் அவளுக்கு மதிப்பு உண்டு. பாஸ்டர் அவள் பக்கம், வார்டு அவள் பக்கம். பிள்ளையின் நன்மைக்கு என்று நாலு பேர் கூடிச் சொன்னால், மனசு சரியில்லை என்று ஊரே ஜெபம் பண்ணுகிற ஒருவன் என்ன சொல்லி நிறுத்துவான்? இன்றைக்குக் கொஞ்ச நாள் என்பார்கள். அப்புறம் ஸ்கூல் வருஷம் முடியட்டும் என்பார்கள். ஷாலு ஒரு தடவை அம்மாவை இழந்தாயிற்று. இன்னொரு தடவை அப்பாவையும் இழந்தால் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவே மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

ஊருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. ஒருவன் வேலைக்கு விட்ட காரைப் பாதியில் எடுத்துக்கொண்டு போனான், அவசரமாம். சிவபிரசாத் சார் மட்டும் வழக்கம்போல வந்து பிரேக்கைக் காட்டினார். குளத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள சைவக் குடும்பம், பாங்க் வேலை.

"உனக்கு சித்தப்பிரமைன்னு கேட்டேன்" என்றார்.

"பின்ன ஏன் சார் இஞ்ச கொண்டு வந்தீங்க?"

"ஜெபமெல்லாம் உங்க காரியம். எனக்கு பிரேக் பிடிச்சா போதும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க சத்தியராஜுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

ரெஷ்மா கூப்பிட்டாள். அவளுக்கும் செய்தி போயிருந்தது. "நான் அங்க திரும்பி வந்துடுகேன்" என்று அழுதாள்.

"வரண்டாம். நீ வந்தா அவங்க சொன்னது சரின்னு ஆகும். நீ உனக்க ட்யூட்டியப் பாரு."

"என்ன சொல்லப்போறிய அவங்ககிட்ட?"

"தெரியாது" என்றான். உண்மையில் தெரியாதுதான்.

ஆனந்தலட்சுமிக்கும் நடந்ததைச் சொன்னான். ஸ்பீக்கர் கதையைக் கேட்டு அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள் என்பது போனிலேயே தெரிந்தது. பிறகு, வேண்டுமென்றால் அக்காவிடம் தானே பேசிப் பார்க்கவா என்று கேட்டாள்.

"வேண்டாம் மேடம். எனக்கு நாக்கு உண்டு" என்றான் சத்தியராஜ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். அடுப்பில் பால் சேர்க்காத கட்டன்சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள், பழம்பொரி பொரித்தாள், நடுவே உள்ளே போய் ஷாலுவின் யூனிபாரமும் பாடப்புத்தகமும் ஒரு பையில் அடுக்கினாள். தலையை வாரி இரண்டு பின்னல் பின்னிவிட்டாள். ஒரே சீராக, அழகாக இருந்தது. சத்தியராஜுக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக வந்தது.

ஆட்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எல்லோரும் அவனைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகப் புன்னகை செய்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்தால் செய்கிற புன்னகை. முதல் பாட்டு தமிழில், இரண்டாவது மலையாளத்தில். வசனம் வாசித்தார்கள். பாஸ்டர் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று சொல்லி நீளமாகவே பேசினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "விண்ணப்பங்கள் உள்ளவங்க சொல்லலாம்" என்றார்.

சத்தியராஜ் எழுந்து போய்ப் பிள்ளைகளை எல்லாம் முற்றத்துக்கு விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்தபோது விமலகுமாரி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"எனக்க தம்பிக்கு வேண்டித்தான்" என்றாள். குரல் கரகரத்தது. நடிப்பு இல்லை. அவளுக்கு நிஜமாகவே துக்கம். "அவன் நல்லவனாக்கும். ஆனா அவனால முடியல்ல. பிள்ளைய நான் கொண்டுபோறேன். அவனுக்க மனசு நேராகணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து "பாவம்" என்று ஒரு முனகல் வந்தது. பாஸ்டர் தலையாட்டினார்.

"சத்தியராஜே, அக்கா சொல்லுகது நல்லதுக்குத்தான். பிள்ளை கொஞ்ச நாள் அங்க நிக்கட்டு. போன்ல உள்ள அந்த ஆலோசனையும் நமக்கு வேண்டாம். யாரோ எவரோ. ஒரு சங்கடம்னா சொல்லுகதுக்கு சபை இல்லியா?"

சத்தியராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். 

"பாஸ்டர், உங்க வேனுக்கு கிளச்சு போன நேரம் ஜெபம் பண்ணிட்டு ஓட்டல்லியே. எனக்கிட்டதானே கொண்டு வந்தீங்க."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

"எலே" என்றாள் விமலகுமாரி.

"இரு அக்கா. உனக்க விண்ணப்பம் முடிஞ்சுது. இது என்னுதாக்கும்." அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "அத்தான் கேட்டது நெசம். 'தோணும்'னு நான் சொன்னேன். இப்பவும் சொல்லுகேன், மைக் வேண்டாம். பிள்ளைய விட்டுட்டு எங்கயாவது போயிரணும்னு எனக்குத் தோணும். வேல முடிஞ்சு ஷட்டரை இழுத்து விட்டபிறவு வீட்டுக்குப் போகக் காலு வராது. ஷாலு வர்க்‌ஷாப் வாசல்ல நிண்ணு 'அப்பா, வா'ன்னு கூப்பிடும்போ நெஞ்சு அடைக்கும். இதத்தான் போன்ல அந்த அம்மாகிட்ட சொல்லுகேன். வேற ஒரு கள்ளக் காரியமும் இல்ல."

 அஜேஷ் பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான் பாதியில ஓடினாரு. அந்த அம்மா கேட்டது என்ன தெரியுமா? அப்பிடித் தோணுற நேரம், ஒரு மணிக்கூர் நான் தனியா இருந்து மூச்சு விடணும்னா, பிள்ளைய யாருகிட்ட நம்பி விடுவேன்னு. எனக்கு ஒரே ஒரு பேருதான் வந்துது. அக்கான்னு சொன்னேன். ஒரு மணிக்கூருக்காக்கும் சொன்னேன். நீ ஆயுசுக்கும் எடுத்துட்ட."

விமலகுமாரியின் முகம் ஒரு கணம் தளர்ந்தது. ஆனால் இத்தனை பேர் முன்னால் தம்பி தன்னை மடக்குவதா? நிமிர்ந்தாள்.

"ஒரு மணிக்கூரோ ஒரு நாளோ. பெத்த பிள்ளைய விட்டுப் போகணும்னு தோணலாமாலே? மனுஷனுக்குத் தோணுமா அது?"

"இஞ்ச இருக்க யாருக்கும் தோணினதே இல்லியா?" சத்தியராஜ் பாயில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொருவராகக் கண்ணைத் தாழ்த்தினார்கள். இரட்டைப் பிள்ளைகள் பெற்ற ஒருத்தி பாட்டுப்புத்தகத்தைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். "ஒருத்தருக்குமா? அத்தானுக்குத் தோணியிருக்காது. அவரு துபாய்க்குப் போயே போயிட்டாரு. அவருக்கு வேண்டி ஒருத்தரும் ஜெபம் பண்ணல்ல. ஏர்போர்ட்டுக்கு ஜீப்பு பிடிச்சு வழியனுப்பப் போனோம்."

"அவரு பிழைக்கப் போனாரு!"

"ரெஷ்மா பின்ன ஊரு சுத்தியா போனா? பிழைக்கத்தான் போனா. அப்போ தனியா பிள்ளை வளத்ததுல நீயும் நானும் ஒண்ணுதானேக்கா. உனக்குத் தோணல்லியா?"

"தோணிச்சுலே!" என்று கத்தினாள் விமலகுமாரி. "எனக்கும் தோணிச்சு! எனக்க சிபி பால் குடிக்க பிள்ளை. மூத்தவன் அனூப்புக்கு காய்ச்சல். ரெண்டும் ஒண்ணா அழுவுது. கதவச் சாத்திட்டு ரப்பர் மரத்துக்க மூட்டுல போய் இருந்தேன். அங்கயும் கேட்டுது. எழும்பி நடந்தேன். செருப்புகூட இல்ல. களியக்காவிள பஸ்ஸுல ஏறி இருந்தேன். கண்டக்டர் எங்க போணும்னு கேட்டான், எனக்கு ஒரு எடமும் சொல்லத் தெரியல்ல. அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஓடி வந்தேன். பிள்ளைய ரெண்டும் அழுது அழுது உறங்கிப் போச்சு. நான் யாருகிட்ட சொன்னேன்? ஒரு மனுஷிகிட்ட சொன்னேனா? ஞாயித்துக்கிழம சேலை மாத்திட்டு வந்து இந்த சபையில பாடினேன். சொல்லாம வளத்தேன் இல்லியா! நீ என்ன பெரிய..."

அந்த இடத்தில் அவளுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

முற்றத்தில் பிள்ளைகள் கத்தி விளையாடுவது நன்றாகக் கேட்டது. அஜேஷ் ஓலை பிய்ப்பதை நிறுத்திவிட்டார். பெண்டாட்டியை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். துபாயிலிருந்து வாராவாரம் கூப்பிட்டுப் பேசினாரே, அப்போதெல்லாம் "இஞ்ச எல்லாரும் சுகம்" என்றுதானே சொன்னாள்.

 ஜெயித்துவிட்டோம் என்று சத்தியராஜுக்குத் தெரிந்தது, ஆனால் அதில் சந்தோஷம் இல்லை. அக்கா செருப்பில்லாமல் ரோட்டில் ஓடிவருகிற காட்சி கண்ணுக்குள் நின்றது. அப்போது அவன் பள்ளிக்கூடத்துப் பையன், அதே வீட்டில்தான் சோறு தின்றுகொண்டு இருந்திருப்பான். ஆனாலும் அவன் விடவில்லை. இன்றைக்கு விட்டால் பிள்ளை போய்விடும்.

"அக்கா, நீ திரும்பி வந்தியா இல்லியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"வந்த. சிபியையும் அனூப்பையும் நல்லாத்தானே வளத்த. தோணினதுக்காக ஒருத்தரும் வந்து உனக்க பிள்ளைகளப் பறிச்சுட்டுப் போகல்ல. நீ சொல்லாம வளத்த. நான் சொல்லிக்கிட்டே வளத்துகேன். அந்த அம்மாகிட்டயும் சொல்லுவேன், ரெஷ்மாகிட்டயும் சொல்லுவேன், யாராவது கேட்டா இந்த ரோட்டுல நிண்ணும் சொல்லுவேன். எனக்கு நாணக்கேடு ஒண்ணும் இல்ல. ஷாலு எங்கயும் வரமாட்டா."

 பாஸ்டர் கனைத்துக்கொண்டார். "விமலகுமாரி, என்ன சொல்லுதிய?"

"பிள்ளைய இனி நான் கேக்கல்ல" என்றாள் அவள், தரையைப் பார்த்து. "இஞ்சதான் நிக்கட்டு."

"சரி" என்றார் பாஸ்டர், தப்பித்த நிம்மதியோடு. "அப்போ நாம கண்ண மூடி, மனசு சரியில்லாத நம்ம சகோதரன் சத்தியராஜுக்கு வேண்டி..."

"பாஸ்டர்" என்றான் சத்தியராஜ். "ஜெபம் பண்ணுங்க. வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா மனசு சரியில்லன்னு சொல்லண்டாம். பிள்ளை வளக்கான், களைச்சுப் போறான்னு சொல்லுங்க. அது போதும்."

பாஸ்டர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடப் போனார். எல்லோரும் மூடினார்கள்.

"எனக்க பேரையும் சேத்துக்கிடுங்க" என்றது விமலகுமாரியின் குரல்.

மூடிய கண்கள் திறந்தன. அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். தலைப்பு தோளிலிருந்து சரிந்திருந்தது, அவள் அதை எடுத்துப் போடவில்லை.

"உங்களுக்கு என்ன விண்ணப்பம்?" என்றார் பாஸ்டர்.

"இத்தன வருஷம் ஒருத்தரும் எனக்கிட்ட கேக்கல்லன்னு கர்த்தருகிட்ட சொல்லுங்க. எனக்க பேரைச் சொல்லியே சொல்லுங்க. கேக்காத எனக்க வீட்டுக்காரருக்க பேரையும் சொல்லுங்க."

 பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார், அவள் சொன்னபடியே பெயர்களைச் சொன்னார். விமலகுமாரி கண்ணை மூடவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அஜேஷும் மூடவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை தாழ்ந்துபோயிற்று.